ஓடுபாதையின் உட்கோட்டில் மிதித்ததாகத் தானே சொன்ன மகள் இப்போது ஓட மறுக்கிறாள்: நான் என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: செவ்வாய்ப்பேட்டை பட்டறைக்காரர்

அனைவருக்கும் வணக்கம். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் சிறிய அளவில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். என் மகளுக்கு வயது பதினான்கு, ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். ஆறாம் வகுப்பிலிருந்தே ஓடுகிறாள். 400 மீட்டர்தான் அவளுடைய ஓட்டம். காலை ஐந்தே காலுக்கு அவளே எழுந்து, என்னை எழுப்பி, வண்டியை எடுக்கச் சொல்லி மைதானத்துக்குக் கிளம்புகிற பிள்ளை. மூன்று ஆண்டுகளில் நான் அவளை எழுப்பிய நாள்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

குறுவட்டப் போட்டியில் இரண்டாவதாக வந்தாள். அந்த இடம் நின்றிருந்தால் அடுத்த கட்டமான மாவட்டப் போட்டிக்கு அவள் பெயர் போயிருக்கும். முடிவை அறிவிப்பதற்கு முன்பே அவள் நேராக நடுவரிடம் போய், இரண்டாவது வளைவில் தன் கால் உட்கோட்டைத் தாண்டி இரண்டு மூன்று காலடிகள் பக்கத்துப் பாதைக்குள் விழுந்துவிட்டதாகச் சொன்னாள். அந்த வளைவில் நின்றிருந்தவர் அதைக் கவனிக்கவில்லை. மண் மைதானம், சுண்ணாம்புக் கோடு; நான் போய்ப் பார்த்தபோது கோட்டின் மேலும் அதற்கு உள்ளேயும் காலணித் தடம் தெளிவாகவே தெரிந்தது. அவளைத் தகுதி நீக்கம் செய்தார்கள். மூன்றாவதாக வந்த பெண் இரண்டாம் இடத்துக்குப் போனாள்.

வீட்டுக்கு வரும் வழியில் நான் அவளைத் திட்டினேன். "யாரும் கேட்காதபோது நீ ஏன் போய்ச் சொன்னாய், மூன்று வருட உழைப்பை ஒரு நிமிடத்தில் தூக்கிக் கொடுத்துவிட்டாயே" என்று சொன்னேன். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் காலை எழவில்லை. இப்போது ஐந்து வாரங்கள் ஆகின்றன. கேட்டால் "ஓட வேண்டும் போல இல்லை அப்பா" என்பதற்கு மேல் எதுவும் சொல்வதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஓராண்டாக, ஒவ்வொரு பந்தயத்திலும் முதலிடத்துக்கு ஆயிரம், இரண்டாம் இடத்துக்கு ஐந்நூறு என்று அவளுக்குப் பணம் கொடுத்துவந்தேன். ஊக்கமாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். அவளை மீண்டும் மைதானத்துக்கு அழைத்துவர எது வழி? அவள் செய்தது சரி என்று என் மனம் சொல்கிறது. ஆனால் இப்படி இருக்கும் பிள்ளை விளையாட்டில் மேலே போக முடியுமா என்ற கவலையும் எனக்கு உண்மையாகவே இருக்கிறது.

பதில் 1: ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர், ஓமலூர்

ஐயா, வணக்கம். இருபத்தெட்டு ஆண்டுகள் சுண்ணாம்புத் தகரத்தைப் பிடித்துக் கோடு போட்டவன் என்ற முறையில் முதலில் அந்தக் கோட்டைப் பற்றியே பேசுகிறேன், ஏனென்றால் உங்கள் மகள் எதைக் காப்பாற்றினாள் என்பது அதில்தான் இருக்கிறது.

ஓடுபாதையின் அகலம் 1.22 மீட்டர். அதன் நீளத்தைக் கோட்டின் மேல் வைத்து அளப்பதில்லை. உட்கோட்டிலிருந்து 20 சென்டிமீட்டர் வெளியே, அதாவது ஓடுபவரின் கால் இயல்பாக விழும் இடத்தை வைத்து அளக்கிறோம். முதல் பாதையில் உள்விளிம்புக் கட்டை இருந்தால் 30 சென்டிமீட்டர். வளைவு முழுவதையும் ஒருவர் 30 சென்டிமீட்டர் உள்ளே தள்ளி ஓடினால், அந்த ஒரு வளைவிலேயே ஏறக்குறைய 94 சென்டிமீட்டர் தூரம் அவருக்கு மிச்சமாகும். 400 மீட்டரில் இரண்டு வளைவுகள். ஏமாற்ற நினைப்பவருக்கு இது இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம்தான் குறைவு. ஆனால் உங்கள் மகள் சொன்ன மூன்று காலடிகளைக் கணக்கிட்டால், முழு அளவு மைதானத்தில் அது ஐந்து ஆறு சென்டிமீட்டருக்கு மேல் வராது. பள்ளி மைதானத்தின் நெருக்கமான வளைவில் பத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பத்து சென்டிமீட்டரைத்தான், யாரும் பார்க்காத பத்து சென்டிமீட்டரைத்தான், அந்தப் பிள்ளை திருப்பிக் கொடுத்திருக்கிறாள்.

இதை நேர்மை என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். தன் ஓட்டம் எத்தனை மீட்டர் என்பதில் ஒரு பிள்ளைக்கு இவ்வளவு அக்கறை இருந்தால், அவள் பதக்கத்துக்காக ஓடவில்லை, ஓட்டத்துக்காக ஓடுகிறாள் என்று பொருள். அப்படிப்பட்ட பிள்ளைகளை என் பணிக்காலம் முழுவதிலும் ஐந்தாறு பேரைத்தான் பார்த்திருக்கிறேன். ஆகவே ஊக்கம் போய்விட்டது என்று நீங்கள் நினைப்பதை நான் ஏற்கவில்லை. தன்னுடையது என்று அவள் நம்பிய ஒன்று தந்தையின் கணக்கில் ஐந்நூறு ரூபாய்ச் சரக்காக இருந்திருக்கிறது என்று அன்று அவளுக்குத் தோன்றியிருக்கலாம்.

மேலே போக முடியுமா என்று கேட்டீர்கள். நம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியில் பிறந்த மாரியப்பன் தங்கவேலுவை எடுத்துக்கொள்வோம். ஐந்து வயதில் பள்ளிக்குப் போகும் வழியில் பேருந்து ஏறி வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கியது. கூலி வேலையும் காய்கறி வியாபாரமும் செய்த தாய் வளர்த்த பிள்ளை. பள்ளியில் கைப்பந்து ஆடிக்கொண்டிருந்தவரை உயரம் தாண்டச் சொன்னவர் ஓர் உடற்கல்வி ஆசிரியர்தான். 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றது எல்லோருக்கும் தெரியும். நான் மாணவர்களுக்குச் சொல்வது அதற்குப் பிறகு நடந்ததை. அரசின் 2 கோடி ரூபாய்ப் பரிசு, பத்மஸ்ரீ எல்லாம் வந்த பின்பும் அவர் தாண்டுவதை நிறுத்தவில்லை. 2021-இல் நடந்த டோக்கியோ போட்டியில் மழை பெய்தது. பாதிக்கப்பட்ட காலில் அணிந்திருந்த காலுறை நனைந்து தரையோடு ஒட்டிக்கொண்டதாக அவரே சொன்னார். 1.86 தாண்டி வெள்ளி. 2024-இல் ஜப்பானின் கோபேயில் நடந்த உலக பாரா தடகளப் போட்டியில் 1.88 தாண்டித் தங்கம், அதே ஆண்டு பாரிஸில் 1.85 தாண்டி வெண்கலம். எட்டு ஆண்டுகளில் மூன்று பாராலிம்பிக்; தங்கம், வெள்ளி, வெண்கலம். பதக்கத்தின் நிறத்தைப் பார்ப்பவர்கள் இதை இறங்குமுகம் என்பார்கள். அந்த மூன்று பாராலிம்பிக்கிலும் ஒருவர் அதே கம்பத்தின் முன்னால், நான்கு சென்டிமீட்டருக்குள் ஏறி இறங்கியபடி, மேடையை விட்டு ஒருமுறையும் கீழே வராமல் நின்றதைத்தான் நான் பார்க்கிறேன். பரிசு ஒன்றே உந்துதலாக இருந்திருந்தால் அது 2016-லேயே கைக்கு வந்துவிட்டதே.

அவளிடம் மன்னிப்புக் கேளுங்கள். காரணம் விளக்க வேண்டாம், "ஆனால்" என்று தொடர வேண்டாம்.

பதில் 2: ஏற்காட்டிலிருந்து ஓர் ஆசிரியை

ஆசிரியர் ஐயா சொன்னதோடு எனக்கு முழு உடன்பாடு. அவர் தொட்டுவிட்டுப் போன பணத்தைப் பற்றி மட்டும் நான் எழுதுகிறேன். கல்வியியல் படித்தபோது இந்தப் பகுதி என்னை மிகவும் பாதித்தது.

1971-இல் எட்வர்ட் டெசி என்ற அமெரிக்க உளவியலாளர் கல்லூரி மாணவர்களுக்கு மரத்துண்டுகளைச் சேர்த்து உருவங்கள் அமைக்கும் புதிர் ஒன்றைக் கொடுத்தார். ஒரு பிரிவினருக்கு நடுவில் ஒருநாள் மட்டும், முடித்த ஒவ்வொரு புதிருக்கும் ஒரு டாலர் கொடுத்து, அடுத்த நாள் அதை நிறுத்தினார். யாரும் கவனிக்கவில்லை என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்த ஓய்வு நேரத்தில், பணம் வாங்கிப் பழகியவர்கள் புதிரைத் தொடுவது குறைந்தது. 1973-இல் மார்க் லெப்பரும் அவருடைய நண்பர்களும் வரைவதில் விருப்பமுள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளிடம் இதையே வேறு வகையில் பார்த்தார்கள். வரைந்தால் தங்க நட்சத்திரம் ஒட்டிய சான்றிதழ் கிடைக்கும் என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட குழந்தைகள், சில நாள்கள் கழித்துத் தாமாக வரையும் நேரம் மற்றவர்களுடையதில் ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. எதிர்பாராமல் அதே சான்றிதழைப் பெற்ற குழந்தைகளுக்கு அப்படி ஆகவில்லை. ஆகவே பரிசு கெட்டது என்று நான் சொல்லவில்லை. "நீ இதைச் செய்தால் நான் இதைத் தருவேன்" என்ற பேரம், பிள்ளை ஏற்கெனவே விரும்பிச் செய்துகொண்டிருந்த ஒன்றைக் கூலி வேலையாக மாற்றிவிடுகிறது என்பதே விஷயம். போட்டி முடிந்து வரும்போது, வென்றாலும் தோற்றாலும் அவளுக்குப் பிடித்த கடையில் ஒரு தட்டுவடை செட் வாங்கிக் கொடுங்கள். அது கூலி ஆகாது.

மலையில் எங்கள் பள்ளிப் பிள்ளைகள் காலைப் பனியில் ஏரியைச் சுற்றி ஓடுவதை நாள்தோறும் பார்க்கிறேன். யாரும் நேரம் குறிப்பதில்லை. அவர்களில் ஒரு சிறுமி, எதிர்மேட்டில் மூச்சு வாங்காமல் எந்த மரம் வரை பேசிக்கொண்டே ஓட முடிகிறது என்பதைத் தானே கண்டுபிடித்து, அந்த மரத்தில் கையால் ஒருமுறை தட்டிவிட்டுத்தான் நடக்கத் தொடங்குவாள். பருவம் முடிவதற்குள் அவள் தட்டும் மரம் நான்கு மரங்கள் தள்ளிப் போயிருந்தது. அவளை யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. உங்கள் மகளுக்கும் அப்படி ஒரு மரம் இருந்திருக்கும். அது எது என்று அவளிடம் கேட்டிருக்கிறீர்களா?

பதில் 3: தாரமங்கலம் கிரிக்கெட் ரசிகர்

முந்தைய இரு பதில்களையும் மதிக்கிறேன். ஆனாலும் ஓர் எச்சரிக்கை. இப்போது நீங்கள் மனம் மாறி, அவளை நேர்மையின் சிகரம் என்று உறவினர் முன்னால் நிறுத்திப் புகழத் தொடங்கினால், அதுவும் அந்த ஐந்நூறு ரூபாயைப் போலவே ஆகிவிடும். அடுத்த முறை தவறு செய்தால் அதை ஒப்புக்கொள்ளும் சுமையோடு சேர்த்து, உங்கள் பெருமையைக் காப்பாற்றும் சுமையையும் அவள் தூக்க வேண்டியிருக்கும். நேர்மையாக இருந்தால் வெற்றி வரும் என்றும் சொல்லாதீர்கள். அன்று வரவில்லை என்பதை அவள் கண்ணால் பார்த்துவிட்டாள்.

2012 டிசம்பரில் ஸ்பெயினின் நவார் பகுதியில் நடந்த ஒரு குறுக்கு நாட்டு (கிராஸ் கன்ட்ரி) ஓட்டப்பந்தயத்தில், லண்டன் ஒலிம்பிக் வெண்கலம் வென்ற கென்ய வீரர் ஏபெல் முத்தாய் முன்னணியில் வந்து, எல்லைக்கோட்டைக் கடந்துவிட்டதாகத் தவறாக எண்ணிச் சில மீட்டர்களுக்கு முன்பே நின்றுவிட்டார். பின்னால் வந்த இவான் பெர்னாண்டஸ் அவரைத் தாண்டிப் போகாமல், சைகையால் கோட்டைக் காட்டி அவரையே முதலில் கடக்கச் செய்தார். உலகமே பாராட்டியது. ஆனால் அவருடைய பயிற்சியாளர், 1995-இன் உலக மராத்தான் வாகையர் மார்ட்டின் பிஸ், தானாக இருந்தால் அப்படிச் செய்திருக்க மாட்டேன் என்று வெளிப்படையாகவே சொன்னார். பெரிய வீரர்களுக்கும் நெருக்கமானவர்களிடமிருந்து இப்படித்தான் கேட்க நேர்கிறது. நீங்கள் திட்டியது உலகத்தில் நடக்காத ஒன்று அல்ல, ஐயா. அதை மனதில் போட்டு அரித்துக்கொள்ள வேண்டாம்.

தகுதி நீக்கத்துக்குப் பிறகு என்ன செய்வது என்பதற்கு எங்கள் பக்கத்திலேயே ஒருவர் இருக்கிறார். சின்னப்பம்பட்டி நடராஜன், டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்தவர், 2015 தொடக்கத்தில் தமிழ்நாட்டுக்காக முதல் ரஞ்சி ஆட்டம் ஆடினார். அந்த ஆட்டத்திலேயே அவர் கை வளைகிறது, வீசும் முறை ஐயத்துக்குரியது என்று நடுவர்கள் அறிக்கை கொடுத்தார்கள். நெசவுக் கூலியாக இருந்த தந்தைக்கும், சாலையோரக் கோழிக்கடை வைத்திருந்த தாய்க்கும் பிறந்த ஒருவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அந்த அறிக்கை சரியா தவறா என்று வாதாடுவதில் அவர் காலத்தைக் கழிக்கவில்லை, கையைத் திருத்தினார். பந்து வீசும் பழக்கம் ஆயிரக்கணக்கான முறை உடம்பில் ஏறிய ஒன்று. அதைக் கழற்றி எடுத்து மீண்டும் பூட்டுவதற்குள் வேகமும் குறி வைக்கும் திறனும் இரண்டுமே முதலில் போய்விடும். அதைத் தாங்கிக்கொண்டு 2016-இல் தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் யார்க்கர் வீசினார். 2017 ஐபிஎல் ஏலத்தில் பஞ்சாப் அணி 3 கோடிக்கு எடுத்தது. 2020 கடைசியில் வலைப்பயிற்சிக்குப் பந்து வீசுபவராக ஆஸ்திரேலியாவுக்குப் போய், டிசம்பர் 2 கான்பெராவில் ஒருநாள் ஆட்டம், டிசம்பர் 4 இருபது ஓவர் ஆட்டம், 2021 ஜனவரி 15 பிரிஸ்பேனில் டெஸ்ட் என்று மூன்று வகையிலும் ஒரே பயணத்தில் அறிமுகமானார். இந்தியர் எவரும் அதற்கு முன் அப்படிச் செய்ததில்லை. சொந்த ஊரில் மைதானமும் கட்டினார்.

உங்கள் மகளின் கால் கோட்டுக்குள் போனது ஒழுக்கக் குறைவும் அல்ல, தலைவிதியும் அல்ல. அது ஒரு நுட்பக் குறை. திருத்தக்கூடியது. அவளிடம் இதுவரை யாராவது அதைப் பற்றிப் பேசினார்களா? எல்லோரும் அவள் சொன்னதைப் பற்றித்தான் பேசியிருப்பார்கள், அவள் ஓடியதைப் பற்றி அல்ல.

பதில் 4: செவிலியர், அஸ்தம்பட்டி

சுருக்கமாக ஒன்று. பதினான்கு வயதுப் பெண் பிள்ளை, கடுமையாக ஓடுகிறவள், திடீரென்று எழ முடியவில்லை என்றால், மனம்தான் காரணம் என்று முடிவுகட்டுவதற்கு முன் ஒரு முறை மருத்துவரிடம் காட்டி ஹீமோகுளோபின் அளவைப் பாருங்கள். மாதவிலக்கு தொடங்கிய ஓட்டக்காரப் பிள்ளைகளுக்கு இரும்புச்சத்துக் குறைவு அடிக்கடி வருகிறது; சோர்வும் விருப்பமின்மையும் அதன் முதல் அறிகுறிகள். தாயாரை விட்டுப் பேசச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி (பதினெட்டு நாள்கள் கழித்து)

எழுதிய அனைவருக்கும் என் நன்றி. செவிலியர் அம்மா சொன்னபடி பரிசோதனை செய்தோம். இரும்புச்சத்து கொஞ்சம் குறைவாகவே இருந்தது. மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், முருங்கைக்கீரையும் வீட்டில் தவறாமல் சமைக்கிறோம்.

மன்னிப்புக் கேட்டேன். எனக்கு அது எளிதாக இல்லை. பட்டறையில் அன்று உருக்குவதற்கு வந்த வெள்ளியில் டச், அதாவது தூய்மை, குறைவாக இருந்தது. எடை போட்டுக் கொடுத்தவருக்கே தெரியாது. நான் தொலைபேசியில் அழைத்து, சொல்லி, திருப்பி அனுப்பினேன். அதைச் செய்து முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. முப்பது வருடங்களாக நான் பட்டறையில் என்ன செய்கிறேனோ அதைத்தான் என் மகள் மைதானத்தில் செய்திருக்கிறாள். அதை அவள் வேறு எங்கே கற்றிருப்பாள்? அன்று இரவு சாப்பிடும்போது "நான் சொன்னது தப்பு" என்று மட்டும் சொன்னேன். ஓமலூர் ஆசிரியர் சொன்னபடி "ஆனால்" போடவில்லை. அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே, "நான் சொல்லலேன்னா எனக்கு என்னோட டைமே தெரியாதுப்பா" என்றாள். நான் இதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

பணம் கொடுப்பதை நிறுத்திவிட்டேன் என்று சொன்னேன். சேர்த்து வைத்திருந்ததை எடுத்து வந்து கொடுத்தாள், நான் வாங்கவில்லை. ஏற்காட்டு ஆசிரியை அம்மா கேட்டதையும் கேட்டேன். அவளுக்கு மரம் இல்லை, தண்ணீர்த் தொட்டி இருக்கிறதாம். கடைசி 100 மீட்டரில் மைதானத்தின் ஓரத் தண்ணீர்த் தொட்டிக்கு நேராக வரும்போது தோள் இறுகுகிறதா இல்லையா என்று பார்ப்பாளாம். மூன்று ஆண்டுகள் அந்தத் தொட்டியின் பக்கத்தில்தான் நான் வண்டியை நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மாவட்டப் போட்டிக்கு மற்றவர்கள் போய்விட்டார்கள். அன்று அவள் முகம் வாடியிருந்தது, அதை மறைக்கவும் இல்லை. நேற்றுக் காலை ஐந்தரைக்கு எழுந்தாள். ஓட இல்லை, நடக்க. வளைவுக்குப் போய் நின்று, "ஏன் உள்ளே போகுதுன்னு தெரியலை" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. ஆசிரியர் ஐயா, இரண்டாவது வளைவில் மட்டும் ஏன் கால் உள்ளே விழுகிறது?

பதில் 5: ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர், ஓமலூர்

மிக நல்ல கேள்வி, அவளிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். முதல் வளைவில் உடம்பு புதிது. இரண்டாவது வளைவில் 200 மீட்டர் தாண்டியிருக்கும். களைப்பு வரும்போது தலை குனிந்து பார்வை காலடியில் விழும். வளைவில் உடம்பு எப்படியும் இடப்பக்கம் சாய்ந்தே ஓடுகிறது. பார்வையும் கீழே உள்கோட்டுக்குப் போய்விட்டால் கால் பார்வையைத் தொடர்ந்து உள்ளே போகும். பார்வை பத்து மீட்டர் முன்னால், பாதையின் நடுவில் இருக்க வேண்டும். வலது கை இடது கையைவிடச் சற்று நீளமாக, மார்புக்குக் குறுக்கே வீசட்டும். அது உடம்பைப் பாதையில் பிடித்து வைக்கும்.

முதல் வாரம் வேகம் வேண்டாம். உட்கோட்டிலிருந்து ஒரு சாண் வெளியே இன்னொரு சுண்ணாம்புக் கோடு போட்டு, அதை மிதிக்காமல் அதற்கு வெளியே 60 மீட்டர் வளைவை மட்டும் முக்கால் வேகத்தில் ஆறு முறை ஓடச் சொல்லுங்கள். முடித்ததும் திரும்பி நடந்து வந்து தன் தடங்களைத் தானே பார்க்கட்டும். மண் மைதானத்தின் நன்மை அது. எங்கே விலகினோம் என்பதை எழுதி வைத்திருக்கும். இரண்டாவது வாரத்தில், நேர்ப்பாதையில் 150 மீட்டர் ஓடிக் களைத்த பிறகு அதே வளைவுக்குள் நுழையட்டும்.

கோட்டை நீங்கள் போட வேண்டாம். சுண்ணாம்புத் தகரத்தை அவள் கையில் கொடுங்கள்.